மிச்சமும் மசாலாவும்



சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் வீட்டில் இரண்டு ஆட்டுத்தொடைகளை ரோஸ்ட் செய்தார்கள். எதிர்பார்த்த விருந்தினரில் பாதிப்பேர்தான் வந்தார்கள். ஒரு தொடை கத்தி படாமலே மிஞ்சிற்று. உடனே அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். மறுநாள் காலை வீட்டம்மா அதை ஆணமாக்கித் தர, நம் கடைச் சிப்பந்திகள் நால்வருக்கும் எடுத்துச் சென்றோம். நால்வரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர், "முதலாளி, நீங்க சாப்பிட்டாச்சா?" என்று அன்போடு கேட்டார். "ஆச்சு" என்றோம். பொய்யில்லை. ஆனால் நாம் வீட்டில் உண்டுவந்தது அன்று காலை வாங்கிய புது வௌவால் மீன். அந்த "ஆச்சு" அன்றிரவு நம்மைத் தூங்க விடவில்லை.

மிஞ்சியதை மசாலா போட்டு உருமாற்றிப் பிறருக்குக் கொடுப்பது சிக்கனமா, வஞ்சகமா? நாம் ஊர் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டவர்கள். பெரிய விளக்கம் சொல்லும் தகுதி நமக்கில்லை. தராசு பிடிக்கும் கையால் நிறுத்துப் பார்த்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, விரயம் கூடாது என்பதில் ஐயமில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்பது திருமறையின் 7ஆம் அத்தியாயம் காட்டும் வழி. 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் பாதிக்கு மேல் வீடுகளிலிருந்தே போயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. உயிரை அறுத்துப் பெற்ற இறைச்சியைக் குப்பையில் கொட்டுவதோ பெரும் பாவம்.

இரண்டாவது, மசாலா எதற்கு என்ற கேள்வி. நம் சரக்கறையில் எப்போதும் இருக்கும் சாமான் போதும். அரைக்கிலோ இறைச்சிக்கு இரண்டு பெரிய வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு சேர்த்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், ஒவ்வொரு தேக்கரண்டி சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பச்சை வாடை போக வதக்க வேண்டும். கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டுக் கொதித்த பிறகே இறைச்சியைப் போட வேண்டும். முன்பே வெந்த இறைச்சி, நெடுநேரம் அடுப்பிலிருந்தால் நார்நாராகிவிடும். உள்வரை ஆவி பறக்கச் சூடேறியதும் இறக்கிவிடலாம். ரோஸ்டிலேயே உப்பிருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுவது நலம். இந்த மசாலா, காய்ந்த இறைச்சிக்கு ஈரமும் மணமும் தருகிறது. அஃது உபகாரம்.

ஆனால் பகல் முழுதும் மேசைமேல் கிடந்து வாடை மாறிய இறைச்சிக்கும் இதே மசாலா பொருந்தும், நாக்கை ஏமாற்றிவிடும். வயிற்றை ஏமாற்றாது. சில கிருமிகள் விட்ட நஞ்சு மீண்டும் கொதித்தாலும் அழிவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி நாம் யாவரும் அறிந்ததே. கெட்ட இறைச்சிமேல் போட்ட மசாலா, அந்த ஈரத்தின்மேல் பரப்பிய காய்ந்த தானியமே ஆகும்.

நம் ஆணத்தில் அந்தக் குற்றம் இல்லை. இறைச்சி நல்ல இறைச்சி. அப்படியானால் மனம் ஏன் உறுத்தியது?

மூன்றாவது நிறுவையில்தான் நம் தட்டு தாழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டன்றி நீங்களே வாங்கமாட்டாத பொருளைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்ற கருத்து திருமறையின் 2ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நாம் அந்த ஆணத்தை வெறுக்கவில்லை. ஆயினும் நமக்கென்று புது மீனை ஒதுக்கிக்கொண்டு, மிச்சத்தை அவர்கள் பங்காக்கினோம். அதற்குக் கொடை என்று பெயரும் வைத்தோம். குற்றம் சட்டியில் இல்லை, பங்கு வைத்த கையில் இருந்தது.

"மிச்சத்தைத்தானே கொடுக்க முடியும்? தினமும் சிப்பந்திகளுக்குப் புதிதாகச் சமைத்தால் கடை தாங்குமா?" என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பஞ்சத்தால் வாடிய ஏழைகள் மதீனாவுக்கு வந்த ஆண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அடுத்த ஆண்டு, உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார்கள். இதிலிருந்து நாம் விளங்கிக்கொண்டது யாதெனில், மிச்சம் வைப்பது தவறன்று. பக்கத்தில் இருப்பவனின் நிலையை மறந்து வைப்பதே தவறு. புதிதாகச் சமைக்க வேண்டும் என்பதில்லை. இருப்பதில் நாமும் கூட உட்கார வேண்டும், அவ்வளவே.

மறு வாரம் வீட்டில் மிஞ்சிய கோழி ரோஸ்டை அதே முறையில் ஆணமாக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். "நேற்று மிஞ்சியது, இன்று சமைத்தது" என்று சொல்லியே வைத்தோம். ஐவரும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தோம். மூத்தவர் நம் பக்கம் ஒரு நல்ல துண்டைத் தள்ளிவிட்டார். இம்முறை "சாப்பிட்டாச்சா?" என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே சகோதரர்களே, மிச்சத்தை வீணாக்காதீர்கள், மசாலாவால் மறைக்காதீர்கள், கொடுக்கும் சட்டியில் முதல் கவளம் உங்களுடையதாக இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் தராசையும் நம் சஹனையும் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.