கை தூக்கும் முன்

இங்கிலாந்தில் ஏதோ ஒரு நகரின் கவுன்சில் அரங்கம். திட்டமிடல் குழு கூடியிருக்கிறது. பார்வையாளர் இருக்கைகள் நிரம்பிவிட்டன. ஊரோரத்து வயலில் அறுபது வீடுகள் கட்ட அனுமதி கேட்டு வந்திருக்கும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டும் என்கிறார்கள் வந்தவர்கள். எதிரே அமர்ந்திருக்கும் கவுன்சிலருக்கு அவர்களில் பாதிப் பேரைப் பெயர் சொல்லித் தெரியும். ஓட்டுக் கேட்டு அவர்கள் வாசலில் நின்றவர்தானே. இந்த மாலையில் அவர் யார்? அவர்களுடைய குரலா, இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டிய நடுவரா?

கேள்வி பழையது. 1774இல் பிரிஸ்டல் நகரில் நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற எட்மண்ட் பர்க், உழைப்பை மட்டுமல்ல, தன் சொந்த விவேகத்தையும் வாக்காளர்களுக்குத் தரக் கடமைப்பட்டிருப்பதாகச் சொன்னார். அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது பிரதிநிதியின் வேலையல்ல என்பது அவர் வாதம். 1780இல் அந்தத் தொகுதி அவர் கையை விட்டுப் போனது.

திட்டமிடல் துறையில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, சொந்த நிலமானாலும் அனுமதியின்றி அதில் கட்ட முடியாது. ஒருவரது சொத்தின் எதிர்காலம் இன்னொருவர் தூக்கும் கையில் இருக்கிறது. அதனால் அந்தக் கைக்கும் சட்டம் கட்டுப்பாடு வைத்தது: 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊரின் வளர்ச்சித் திட்டத்தை ஒட்டியே முடிவெடுக்க வேண்டும், விலகுவதற்குத் திட்டமிடல் சார்ந்த தகுந்த காரணம் வேண்டும். பக்கத்து வீட்டின் விலை குறையும் என்பதோ, ஜன்னல் வழிக் காட்சி மறையும் என்பதோ காரணமாகாது. வெளிச்சம் தடைபடுவது, அந்தரங்கம் பறிபோவது, போக்குவரத்து, இரைச்சல் ஆகியவை காரணமாகும். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீட்டுக்குப் போவார். கவுன்சில் நியாயமற்று நடந்ததாகத் தெரிந்தால் அவருடைய செலவும் அதன் தலையில் விழலாம்.

இன்னொரு பயத்தில் கவுன்சிலர்கள் பலர் வாயையே திறக்காமல் இருந்தார்கள். முன்கூட்டியே கருத்துச் சொன்னால், மனத்தை மூடிக்கொண்டு முடிவெடுத்ததாக வழக்கு வருமே என்ற அச்சம். வடகிழக்கில் ரெட்கார் கடலோரத் திட்டம் ஒன்றுக்கு 2007இல், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில் அனுமதி தரப்பட்டது. அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. கட்சிக் கொள்கையும் விருப்பும் உள்ளவர்கள்தான் கவுன்சிலர்கள்; விருப்பு இருப்பது வேறு, மனத்தைப் பூட்டிக்கொள்வது வேறு என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றது. 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் இதையே உறுதிசெய்தது: முன்பு ஒரு கருத்தைச் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவர் மனத்தை மூடிக்கொண்டவர் ஆகிவிடமாட்டார்.

நடுவுநிலைமை என்பது வெற்று மனம் அல்ல. பத்தாண்டு ஒரு வார்டில் வாழ்ந்தவருக்கு அந்தத் தெருவைப் பற்றிக் கருத்தே இல்லையென்றால், அவருக்கு அந்தத் தெரு தெரியாது என்றுதான் பொருள். கேட்கப்படுவது ஒன்றுதான்: எதிர்த்தரப்பின் சான்று கண்முன் வரும்போது தன் கருத்து மாற இடம் கொடுப்பது. சும்மா இருப்பதைவிட அது கடினம்.

ஆகவே கவுன்சிலருக்குத் திட்டமிடல் அதிகாரிகள் செய்யக்கூடிய பெரிய உதவி, எப்போது, எந்த மொழியில், எந்த இடத்திலிருந்து பேசலாம் என்று சொல்லிக் கொடுப்பது. பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுகிறார்கள். சிறியவற்றுக்கு எட்டு வாரம், பெரியவற்றுக்குப் பதின்மூன்று வாரம் என்பது பொதுவான கெடு. அதற்குள் ஒன்றைக் குழுவுக்குக் கொண்டுவரும் வழியும், அதற்கான நாள் வரம்பும் வார்டு உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “எங்களுக்கு இது வேண்டாம்” என்ற மக்களின் ஆற்றாமையை, எந்தச் சாலையில், எந்த நேரத்தில், என்ன நெரிசல் என்ற சான்றாக மாற்றவும் அவர் கற்க வேண்டும். ஒரு பக்கம் நின்று போராட முடிவு செய்துவிட்டாரா? குழு நாற்காலியை விட்டு எழுந்து, வார்டின் சார்பில் பேசிவிட்டு, வாக்களிக்காமல் விலகலாம். அதுவும் நேர்மையான பாதை.

இன்னொரு கடமையும் உண்டு; அதை நினைவூட்ட அரங்கில் யாரும் இருப்பதில்லை. அந்த அறுபது வீடுகளில் குடியேறப் போகிறவர்கள் இன்னும் அந்த வார்டில் வாக்காளர்களாகவே இல்லை. அவர்களால் மனு எழுத முடியாது, வரிசையில் வந்து உட்கார முடியாது. வராதவர்களின் நலனையும் கையைத் தூக்கும் முன் எண்ணிப் பார்ப்பவரே நடுவர்.

இரு தரப்பின் நலனையும் சேர்த்து எண்ணினால் வழி பிறக்கும் என்பதற்கு ஹார்ட்ஃபோர்ட்ஷையரின் லெச்மோர் ஹீத் கிராமம் சான்று. பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் கொடையளித்த மாளிகை, பக்திவேதாந்த மேனர் என்ற கிருஷ்ணர் கோயிலானது. திருவிழா நாள்களில் குறுகிய கிராமப் பாதைகளில் கார்கள் திணற, 1987இல் கவுன்சில் தடை அறிவிப்பு அனுப்பியது. கிராமத்தார் பேசியது போக்குவரத்தை. பக்தர்கள் கேட்டது வழிபாட்டு உரிமை. கிராமத்தைத் தொடாத தனிச்சாலை ஒன்றைப் போட்டால் இரு தரப்பின் குறையும் தீரும் என்ற யோசனையைக் கவுன்சில் ஏற்கவில்லை. ஊர்வலங்கள், விசாரணைகள் எனப் பல ஆண்டுகள் ஓடின. 1996இல் மத்திய அமைச்சர் அனுமதி தந்தார். இன்று கிருஷ்ண ஜெயந்திக்கு வரும் கூட்டம் கிராமத்துக்குள் நுழையாமல் அந்தச் சாலை வழியே போகிறது. அதன் பெயர் தரம் மார்க்.