லாக் கோப்பின் நடு வரிகள்

வொல்ஃப்காங் கப்ஷ் எழுதிய எக்ஸ்டிஎஸ் என்ற நிரல், புரதப் படிகத்தின் எக்ஸ்கதிர்ப் படங்களைக் கணக்கிட்டு முடித்ததும் ‘கரெக்ட்.எல்பி’ என்ற நீண்ட கோப்பை விட்டுச் செல்கிறது. தரவை ரெசல்யூஷன்படி கூடுகளாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை, ஒரே தலைப்பில் அதில் பலமுறை வரும். கடைசியாக வருவதே முடிவான கணக்கு. ஆகவே என் ஆக் ஸ்கிரிப்ட், தலைப்பைக் காணும்போதெல்லாம் அதுவரை சேர்த்ததை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. கோப்பு தீரும்போது கையில் நிற்பது கடைசி அட்டவணை.

*

தரவை இரு பாதியாகப் பிரித்து அவற்றுக்கிடையே காணும் ஒட்டுறவு சிசி-ஹாஃப். அதன் எண்களோடு சின்ன நட்சத்திரம் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுறவு 0.1 சதவீத மட்டத்தில் புள்ளியியல்படி பொருளுடையது என்று அர்த்தம். உரித்துப் போட்டால் எண் சுத்தமாகக் கிடைக்கும்தான். எனக்கு மனம் வருவதில்லை. அதைத் தனிப் பத்தியில் வைக்கிறேன். கணக்கிட முடியாத இடத்தில் நிரல் -99.9 என்று எழுதுகிறது. அது அளவே அல்ல. அங்கே வெற்றிடம்தான் உண்மை.

*

ஆய்விதழ்களின் ‘டேபிள் ஒன்’ கேட்பது பெரும்பாலும் இரண்டே வரிகள்: மொத்தம், வெளிக்கூடு. வெளிக்கூட்டின் மேல் இவ்வளவு கவனம் விழக் காரணம் உண்டு. செறிவுக்கும் அதன் பிழைக்கும் உள்ள விகிதமான ஐ/சிக்மா 2-க்குக் கீழே போனால் தரவை வெட்டிவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2012-இல் கார்ப்ளஸும் டீடெரிக்ஸும் சயின்ஸ் இதழில் சிசி-ஹாஃபை முன்வைத்து, வெட்டி எறியும் அந்த மெலிந்த தரவும் மாதிரியைச் செம்மையாக்கும் என்று காட்டினார்கள்.

ஆனால் பனி உட்காருவது நடுவில். படிகத்தைக் குளிரூட்டும்போது பனிக்கட்டி சேர்ந்தால் 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் அருகே வளையங்கள் விழும். அந்தக் கூட்டில், அளவுகளுக்கிடையேயான முரணைச் சொல்லும் ஆர்-மீஸ் திடீரென்று ஏறும். வளையத்தை விலக்கிக் கணக்கிட்டால் அதே கூட்டில் முழுமை விகிதம் சரியும். மொத்த வரியில் இது கரைந்துவிடும். வெளிக்கூட்டு வரிக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு வரியும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் வாசகருக்குப் பனி தெரியாது.

*

அதனால் என் ஸ்கிரிப்ட் இதழ் கேட்கும் இரண்டு வரிகளுக்குக் கீழே எல்லாக் கூடுகளையும் அச்சிடுகிறது. மூலக் கோப்பின் பாதையையும் வரி எண்ணையும் ஓரத்தில் சேர்க்கிறது. துணைத் தகவலாக அதையும் இதழுக்கு அனுப்பவேண்டும் என்பதே என் கட்சி.

கதிர்வீச்சுச் சேதம் மட்டும் இந்த அட்டவணையில் அகப்படாது. ரெசல்யூஷன்படி அடுக்கிய எண்களில் காலம் இல்லை. முதல் படமும் கடைசிப் படமும் ஒரே கூட்டில் கலந்துவிடுகின்றன. அதைப் பார்க்கப் படம் படமாகப் பிரித்த எண்கள் வேண்டும். அதற்கு வேறொரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன்.