அலங்காரமும் அறமும்: தாழ்ந்தோடும் கார்களை முன்வைத்து ஒரு விசாரணை

மனிதன் ஆக்கிய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பயன் உண்டு. அப்பயனைச் செவ்வனே நிறைவேற்றுவது நல்ல கருவி. நிறைவேற்றத் தவறுவது குறையுடைய கருவி. அரிஸ்ரோட்டில் காலந்தொட்டுக் கருவிகளை மதிப்பிடுவதற்குக் கைக்கொள்ளப்பட்டு வரும் அளவுகோல் இதுவேயாகும். கத்தியின் நன்மை அதன் கூர்மையிற் தங்கியுள்ளது. காரின் நன்மை அதன் விரைவிலும் உறுதியிலும் சிக்கனத்திலும் தங்கியுள்ளது. இவ்வளவுகோல் எளிமையானது, ஐயத்துக்கு இடமற்றது போலத் தோன்றுவது. ஆயின், ஒரு கருவியை அதன் பயனுக்கு மாறாகவே ஒருவன் திருத்தியமைப்பானாயின், அதன்பொருட்டுத் தன் உழைப்பையும் ஊதியத்தையும் ஆண்டுக்கணக்கிற் செலவிடுவானாயின், அவனைப் பற்றி யாது கூறுவது? அவன் அறிவிலியா? ஆடம்பரத்துக்கு அடிமையானவனா? அன்றி, பயன் என்னும் சொல்லுக்கே வேறொரு பொருளை அவன் சுட்டிக்காட்டுகின்றானா?

இவ்வினா வெறும் கற்பனையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாவிற் கார்களை உருமாற்றும் கலை ஒரு பேரியக்கமாகவே வளர்ந்தது. ஆலையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வெளிவந்த கார்களைச் சிறு பட்டறைகளில் வெட்டியும் ஒட்டியும் இளைஞர் வேறாக்கினர். 1951ஆம் ஆண்டு மேர்க்குரிக் கார் ஒன்றினை பொப் ஹிறொஹாட்டா என்பவர் 1952இல் ஜோர்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரரின் பட்டறையில் ஒப்படைத்தார். கூரை வெட்டித் தாழ்த்தப்பட்டு, இளம்பச்சையும் கரும்பச்சையுமாக வர்ணம் பூசப்பட்டு வெளிவந்த அக்கார், அக்கலையின் முதன்மையான படைப்புகளுள் ஒன்றாகப் பேர்பெற்றது. 1961இல் எட் றொத் என்பவர் ஆக்கிய ‘பீற்னிக் பன்டிற்’ இன்னும் ஒரு படி சென்றது. நீர்க்குமிழி போன்ற கண்ணாடிக் கூரை. சுக்கானுக்குப் பதிலாக, திருப்புவதற்கும் விரைவதற்கும் நிற்பதற்கும் ஒரேயொரு கைப்பிடி. அது வீதிக்கென ஆக்கப்பட்டதா, காட்சிக்கென ஆக்கப்பட்டதா என்பதே ஐயத்துக்குரியதாயிற்று.

இவ்வுருமாற்றங்களுள் மெய்யியல் நோக்கிற் பெரிதும் சிந்தனைக்குரியது ‘லோறைடர்’ எனப்படும் தாழ்ந்தோடும் காரேயாகும். மெக்சிக்கோ வழிவந்த அமெரிக்கர், சிறப்பாக லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த உழைக்கும் மக்கள், இதனை வளர்த்தெடுத்தனர். கார் நிலத்தை உரசுமளவுக்குத் தாழ்த்தப்படும். மிக மெதுவாகச் செலுத்தப்படும். ஏனைய உருமாற்றங்கள் காரின் தோற்றத்தையே மாற்றின. இதுவோ காரின் உள்ளியல்பாகிய விரைவினையே துறந்தது. ‘ஜிப்சி றோஸ்’ எனப் பெயரிய 1964ஆம் ஆண்டு செவ்றலே இம்பாலா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இளஞ்சிவப்பு உடலெங்கும் கையால் வரையப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ரோசா மலர்கள். உள்ளே வெல்வெற்று இருக்கைகளும் சரவிளக்கும். ஓடும் கார் ஒன்றினுள் சரவிளக்குக்கு வேலை யாது என அரிஸ்ரோட்டிலின் மாணவன் ஒருவன் வினவுவானாயின், அவனுக்கு விடையளித்தல் எளிதன்று.

இத்தகைய அலங்காரத்துக்கு எதிராக மூன்று வலிமையான வாதங்கள் உள. முதலாவது, தோர்ஸ்ரின் வெப்ளன் 1899இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தது. பயனற்ற செலவு, பிறர் கண்முன் தன் நிலையை உயர்த்திக்காட்டும் உபாயமே என்பது அவர் கருத்து. இரண்டாவது, கான்ற் 1790இல் வெளியிட்ட அழகியல் ஆய்விலிருந்து பெறப்படுவது. நோக்கம் ஒன்றிற்கென அமைந்த பொருளின் அழகு அந்நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. நோக்கத்தோடு முரணும் அணி அப்பொருளுக்குப் பொருந்தாது. மூன்றாவது, ஒஸ்ற்றியக் கட்டடக் கலைஞர் அடொல்ப் லூஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய, அலங்காரத்தைக் குற்றமென்றே சாடிய கட்டுரையிற் காணப்படுவது. அலங்காரம் மனித உழைப்பை விரயஞ்செய்கின்றது என்பதே அவரது வாதத்தின் உயிர்நிலை.

இவ்வாதங்கள் மூன்றும் ஓர் எடுகோளினை மறைவாகக் கொண்டுள்ளன. பொருளின் நோக்கம் ஏலவே முடிவுசெய்யப்பட்டுவிட்டது என்பதே அவ்வெடுகோள். ஆனால், காரின் நோக்கத்தை முடிவுசெய்தவர் யாவர்? 1913இல் ஹென்றி போர்ட்டின் ஆலையில் நகரும் பொருத்துவரிசை அறிமுகமானபோது, ஒரு காரைப் பொருத்துவதற்குப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேலாகச் சென்ற நிலை மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமே போதுமானதாயிற்று. தொழிலாளி ஒருவன் ஓர் ஆணியைப் பூட்டுவான். அடுத்தவன் அதனை முறுக்குவான். முழுக் காரினை ஆக்கியவன் என்று எவனுமில்லை. தன் உழைப்பின் விளைவு தனக்கே அந்நியமாகி எதிர்நிற்கும் நிலையென 1844இல் மார்க்ஸ் விளக்கியது இதனையே. 1914 முதல் 1925 வரை அவ்வாலையின் ‘ரி’ வகைக் கார்கள் கறுப்பு நிறமொன்றிலேயே வெளிவந்தன. பொருளின் நோக்கத்தையும் உருவத்தையும் நிறத்தையும் ஆலையே முடிவுசெய்தது. ஆக்குபவனுக்கும் வாங்குபவனுக்கும் அதிற் பங்கில்லை.

அத்தகைய உலகில், பகலிற் பிறருக்கு உழைத்தவன் இரவில் தன் வீட்டுக் கொட்டிலிற் பழைய கார் ஒன்றைப் பிரித்து, உறவினரும் அயலாரும் கைகொடுக்க, முழுமையானதொரு பொருளைத் தன் விருப்பப்படி ஆக்குகின்றான் எனின், அவ்வுழைப்பினை விரயமென்பது எவ்வாறு பொருந்தும்? ஈண்டு லூஸின் கட்டுரையிலேயே ஒரு நெகிழ்ச்சி காணப்படுதல் கவனிக்கற்பாலது. தம் சப்பாத்துத் தொழிலாளி சப்பாத்திலிடும் அலங்காரத்தைத் தாம் பொறுத்துக்கொள்வதாக அவர் கூறுகின்றார். அத்தொழிலாளி தன் வாழ்வின் உச்சத்தை எய்துவதற்கு வேறு வழியில்லை என்பதும், கற்றோருக்கு உயர்ந்த இசையும் கலையும் உண்டு என்பதும் அவர் கூறும் காரணங்கள். இக்கூற்றில் உண்மையும் உண்டு, குறையும் உண்டு. ஆக்குபவனின் மகிழ்ச்சியினை அவர் கண்டுகொண்டது உண்மை. அம்மகிழ்ச்சியை உரிமையாக அன்றிச் சலுகையாக வழங்கியது குறை. இசையரங்கிற் செலவாகும் பணத்துக்குக் கணக்குக் கேளாத சமூகம், ஏழையின் காரிலுள்ள ரோசா மலருக்குக் கணக்குக் கேட்குமாயின், அக்கேள்வி அறத்தினின்று அன்றி, வகுப்புணர்வினின்றே பிறக்கின்றது.

இவ்விடத்தில், கொழும்பிற் பிறந்து உலகப் புகழ்பெற்ற கலைத்தத்துவ அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1939இல் எழுதியது பெருந்துணை புரிகின்றது. ‘அலங்காரம்’ என்னும் வடசொல் ‘அலம்’ என்பதன் அடியாகப் பிறந்தது. ‘அலம்’ என்பதன் பொருள் போதுமானது, நிறைவானது என்பதாகும். எனவே அலங்காரமாவது பொருளொன்றின் மேல் ஏற்றப்பட்ட மிகையன்று; பொருளை அதன் தொழிலுக்குப் போதுமானதாக, நிறைவுடையதாக ஆக்குவதே அலங்காரம். அணியிலக்கணம் கூறவந்த நூலுக்குத் ‘தண்டியலங்காரம்’ என்று பெயரிட்ட மரபில் வந்தோருக்கு இச்சொல் புதியதன்று. ஆயினும், நாளடைவில் இச்சொல் இழந்துவிட்ட பொருளைக் குமாரசுவாமி மீட்டெடுத்தார் எனலாம். மேலும், பொருளின் பயன் உடலின் தேவையோடு மட்டும் முடிந்துவிடுவதில்லை; உள்ளத்தின் தேவையையும் அது உள்ளடக்கும் என்பது அவரது உறுதியான கொள்கையாகும்.

இக்கொள்கை கொண்டு நோக்குமிடத்து, தாழ்ந்தோடும் காரின் புதிர் அவிழ்கின்றது. ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்கு உடலைக் கொண்டுசெல்வதே பயனெனின், அதன் அணிகள் யாவும் மிகையே. ஆனால், பிறர் முன்னிலையில் ஒரு மனிதனாகத் தோன்றுவதே பயனெனின், மெதுவாகச் செல்லுதல் குறையன்று. அதுவே அப்பயனுக்குரிய தகுதி. விரைந்து செல்பவனை எவரும் காண்பதில்லை. கிழக்கு லொஸ் ஏஞ்சலிசின் விற்றியர் பெருவீதியில் வாரவிடுமுறை இரவுகளில் இக்கார்கள் அணிவகுத்து ஊர்ந்தன. அதே வீதியிலேதான் 1970 ஆகஸ்ற் 29ஆம் நாள், வியற்நாம் போருக்கெதிராக மெக்சிக்கோ வழிவந்தோர் திரண்டனர்; அங்கேதான் பத்திரிகையாளர் றூபன் சலசார், காவற்படையினர் ஏவிய கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி உயிரிழந்தார். தம்மை ஏறெடுத்தும் பாராத சமூகமொன்றின் வீதியில், காணப்படுதல் என்பது அம்மக்களுக்கு அற்ப ஆசையாக இருக்கவில்லை.

சட்டம் இதனை வேறுவிதமாகக் கண்டது. சில்லின் வளையத்திலும் தாழ்வாகக் காரின் எப்பகுதியும் அமைதலாகாது எனக் கலிபோர்ணியா 1950களின் இறுதியில் விதித்தது. அதற்கு விடையாக, 1959 அளவில் றொன் அகிறே என்பவர் விமானங்களிற் பயன்பட்ட திரவ அழுத்தக் கருவிகளைத் தம் காரிற் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் உயரும். மீண்டும் தட்டினால் தாழும். பொலிசாரைக் கண்டவிடத்து உயர்ந்து நின்ற கார், அவர் சென்றபின் தாழ்ந்தது. சட்டத்தின் சொல்லுக்குப் பணிந்து அதன் நோக்கத்தை மீறுதல் அறமாகுமா என்பது தனியே ஆராயத்தக்கது. ஆனால், அச்சட்டத்தின் நோக்கம் வீதிப் பாதுகாப்பா, அன்றி ஒரு மக்கட்கூட்டத்தின் மீதான கண்காணிப்பா என்பதும் உடன்கேட்கப்பட வேண்டியதே. கார்களின் ஊர்வலங்களைத் தடைசெய்ய உள்ளூராட்சிகளுக்கிருந்த அதிகாரமும், தாழ்வு பற்றிய அவ்விதியும் 2023இல் நிறைவேறிய சட்டத்தினால் நீக்கப்பட்டு, 2024 சனவரி முதல் ஒழிந்தன.

இவற்றால் அலங்காரம் யாவும் அறத்தின்பாற்படும் என்பது பெறப்படாது. ‘அலம்’ என்னும் சொல் நிறைவைக் குறிப்பதோடு, போதும் என்னும் எல்லையையும் குறிக்கின்றது. அவ்வெல்லை மூன்றிடங்களில் மீறப்படலாம். தன் காரின் அழகுக்காகத் தடுப்பின் உறுதியைக் குறைப்பவன், வீதியிற் செல்லும் குழந்தையின் உயிரைத் தன் அணிக்கு விலையாக வைக்கின்றான். அதனை எக்கலையும் நியாயப்படுத்தாது. காரின் மூடியில் அரைகுறை ஆடையுடன் பெண்ணை வரைபவன், காணப்படாத தன்னைக் காணச்செய்யும் முயற்சியில் இன்னொருவரைக் காட்சிப்பொருளாக்குகின்றான். தான் எதிர்த்த இழிவையே பிறருக்கு இழைக்கின்றான். வீட்டிற் பிள்ளைகளின் உணவுக்கும் கல்விக்குமுரிய பணத்தை வர்ணத்திற் கரைப்பவன், ஒருவனுடைய நிறைவைப் பலருடைய குறைவின் மேற் கட்டுகின்றான். அலங்காரத்தை உரிமையெனக் கொள்பவர் இவ்வெல்லைகளைத் தாமே ஏற்றல் வேண்டும். இன்றேல் வெப்ளனின் குற்றச்சாட்டிலிருந்து அவர் தப்புதல் அரிது.

நான்காவதாக, நோக்கமே இல்லாத பெருக்கமும் உண்டு. ‘அமெரிக்கக் கனவு’ எனப் பெயரிய நெடுங்கார் 1980களில் ஆக்கப்பட்டு, 2022இற் புதுப்பிக்கப்பட்டபோது அதன் நீளம் 30.54 மீற்றர், சில்லுகள் 26, நீச்சற் குளமும் ஹெலிகொப்ரர் இறங்கு தளமும் அதிலுண்டு. உலகின் மிக நீண்ட கார் என்னும் எண்ணிக்கையை அது நிறைவேற்றிற்று. எம்மனிதத் தேவையை நிறைவேற்றிற்று என்னும் வினாவுக்கு மட்டும் அதனிடம் விடையில்லை. சரவிளக்குப் பொருத்திய ‘ஜிப்சி றோஸ்’ காரும் நீச்சற் குளம் பொருத்திய நெடுங்காரும் மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரே பித்தின் இரு வடிவங்களாகத் தோன்றலாம். ஒன்று, தேவையொன்றைத் தேடி அதனை நிறைவுசெய்யும் மிகை. மற்றையது, மிகையையே தேவையாகக் கொண்ட மிகை.

காலம் இப்பொருள்களுக்கு இருவகை முடிவுகளை வழங்கியுள்ளது. ஹிறொஹாட்டாவின் மேர்க்குரி, 1950களின் இறுதியிற் பழைய கார் விற்பனை நிலையமொன்றிலிருந்து 500 டொலருக்கு ஓர் இளைஞனால் வாங்கப்பட்டது. பல்லாண்டுகள் அவர் வசமே இருந்து, அவர் கையாலேயே புதுப்பிக்கப்பட்ட அக்கார், 2022 சனவரியில் நடந்த ஏலத்தில் 20 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட விலைக்குச் சென்றது. அந்நியமாதலுக்கு எதிரான உழைப்பின் விளைவும் இறுதியிற் சந்தைச் சரக்காகிவிடுகின்றது. இதற்கு மாறாக, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சிமாயோ என்னும் ஊரில் இளைஞர் ஒருவர் 1969ஆம் ஆண்டு போர்ட் கார் ஒன்றைத் தாழ்ந்தோடும் காராக்கத் தொடங்கி, 1978இல் விபத்தில் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து அவருடைய மனைவியும் உறவினரும் ஊர்க் கைவினைஞரும் அதனை நிறைவுசெய்தனர். ‘டேவின் கனவு’ என்னும் அக்கார் பின்னர் வொஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. இறந்தவனின் காரைச் சிலர் கூடி முடித்தபோது அவர்கள் கணக்கிட்டது பயனையுமன்று, விலையையுமன்று. முடியாது நின்ற ஒருவனது வாழ்வை இயன்றவரை நிறைவாக்கவே அவர்கள் முயன்றனர். ‘அலம்’ என்பதன் முழுப்பொருளும் அச்செயலில் விளங்குகின்றது.

ஆகவே, ஓர் அலங்காரம் அறத்தோடு பொருந்துமா என்பதை அதன் அளவு கொண்டோ, விசித்திரம் கொண்டோ முடிவுசெய்தல் இயலாது. அது எவருடைய குறைவை நிறைவாக்கிற்று, எவருடைய நிறைவைக் குறைத்தது என்னும் இரு வினாக்களே உரைகல்லாகும். இவ்வுரைகல்லிற் சில ரோசா மலர்கள் பொன்னாகவும், சில நீச்சற் குளங்கள் பித்தளையாகவும் தெரியவரும். பயன் என்னும் சொல்லைப் பண்டங்களின் உற்பத்தியாளரிடமே விட்டுவிடும் சமூகம், இவ்வேறுபாட்டைக் காணும் கண்ணையும் அவரிடமே ஒப்படைத்துவிடுகின்றது.