கடிதத்துக்குள் இருக்கும் மூன்றாவது ஆள்

ஊரைவிட்டுப் போனவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு. நான் நல்லா இருக்கேன், சாப்பாடு பரவாயில்லை, நீங்க கவலைப்படாதீங்க. காய்ச்சல் வந்த சேதியைக் காய்ச்சல் விட்ட பிறகுதான் எழுதுவோம். வீடியோ கால் வந்த பிறகும் இது பெரிதாக மாறிவிடவில்லை. அறையில் சுத்தமாக இருக்கும் மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டுதான் அம்மாவைக் கூப்பிடுகிறோம். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. பாசத்தில் சேர்த்துவிடுகிறோம்.

மிஷனரியின் கடிதத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதை அம்மா மட்டும் படிப்பதில்லை. சபையில் வாசிக்கிறார்கள், பத்திரிகையில் அச்சிடுகிறார்கள், கேட்டவர்கள் காணிக்கை போடுகிறார்கள். வெயில், மொழி படிக்கிற பாடு, பள்ளிக்கூடம், சந்தையில் நடந்த பேச்சு என்று அவர் எழுதும் அன்றாடம் குடும்பச் செய்தியாகவும் இருக்கிறது, காசு கொடுத்தவர்களுக்கான கணக்காகவும் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கடிதத்தில் உண்மை எழுதும் கடமை யாருக்கானது? பாசத்தோடு காத்திருப்பவர்களுக்கா, பணம் அனுப்புகிறவர்களுக்கா, இல்லை வேறு யாருக்காவதா?

நம் கடற்கரையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் பர்த்தலோமேயு சீகன்பால்க். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் இளைஞர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டார். இங்கே வரும்போது தமிழர்களைக் கல்வியும் ஒழுக்கமும் இல்லாத ஜனம் என்றுதான் நினைத்திருந்தார். மொழி பிடிபட்டு நூல்களைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறியது. மாறியதையும் எழுதினார். அவருடைய கடிதங்களை 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடராக அச்சிட்டார்கள். ஐரோப்பாவில் அதற்கு நல்ல வாசகர் கூட்டம் இருந்தது.

ஆனால் 1713இல், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதிய நூலை அவர் அனுப்பியபோது ஹாலேயின் தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். மிஷனரிகளை அனுப்பியது அந்நிய மதத்தை வேரறுக்க, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். அந்த நூல் 1867இல் சென்னையில்தான் அச்சானது. எழுதி 154 வருஷம் கழித்து.

இன்னொரு உதாரணம் திருநெல்வேலிச் சீமையில். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். டோனாவூரில் 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்குழந்தைகளை வளர்த்தவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய புத்தகம் கடிதங்களிலிருந்து உருவானது. மதம் மாறியவர்கள் சிலர்தான், கதவைச் சாத்தியவர்கள் பலர் என்று அதில் எழுதியிருந்தார். ஊரில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உற்சாகமா எழுதக் கூடாதா என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை. கொஞ்ச காலம் கிடப்பில் கிடந்து, 1903இல் வெளிவந்தது.

ஒருவருடைய கடிதத்தில் இங்குள்ளவர்கள் வேண்டியதைவிட நல்லவர்களாகத் தெரிந்தார்கள். இன்னொருவருடையதில் வேலை வேண்டிய அளவு வெற்றியாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் முட்டுக்கட்டை போட்டது எதிரிகள் அல்ல, வீட்டார்தான். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தூரத்தில் இருப்பவனுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு, காசு அனுப்புகிறவர்களுக்கு, நம்பிக்கை வேண்டியிருக்கிறது. நல்ல சேதி வராவிட்டால் வேலையே நின்றுபோகலாம்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. என் காய்ச்சலை அம்மாவிடம் மறைக்க எனக்கு உரிமை இருக்கிறது. அது என் காய்ச்சல். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருடைய வறுமையைக் கொஞ்சம் கூட்டியோ, அவருடைய அறிவைக் கொஞ்சம் குறைத்தோ எழுத எனக்கு உரிமை கிடையாது. முதலாவது பாசம். இரண்டாவது, அடுத்தவர் வாழ்க்கையை எடுத்து என் வீட்டாருக்குத் தின்னக் கொடுப்பது. எழுதுகிறவர், படிக்கிறவர் போக, கடிதத்துக்குள் எழுதப்படுகிறவர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்வதே இல்லை.

இந்த விஷயத்தில் தரங்கம்பாடியில் ஓர் அபூர்வமான காரியம் நடந்தது. தமிழர்களிடம் அவர்கள் நம்பிக்கை, குடும்பம், படிப்பு, கிறிஸ்தவர்களைப் பற்றிய அபிப்பிராயம் என்று கேள்விகளைக் கொடுத்து அவர்களையே பதில் கடிதம் எழுத வைத்தார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. கேள்வி மிஷனரியுடையது, மொழிபெயர்ப்பும் அவருடையது, நடுநடுவே அவர் குறிப்புகளும் உண்டு. இருந்தாலும் 'அவர்கள்' என்று மட்டுமே எழுதப்பட்டு வந்த ஆட்கள் அதில் 'நாங்கள்' என்று பேசினார்கள். கார்மைக்கேல் தன் தோல்வியை மறைக்காதவர்தான். ஆனால் அவர் புத்தகத்தில் வரும் வீட்டுப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களைப் பற்றிய உண்மை, அவர்களுக்குத் தெரியாத மொழியில் கடல் கடந்து போனது.

இதை வெள்ளைக்காரர் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. அதே 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வேதநாயகம் சாமுவேல் அசரியாவோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதோடு எழுதுகிற இடத்தில் நாமும் வந்துவிட்டோம். இன்று ஒடிசாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய், சேவை செய்து, ஊருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் யாருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மதம் இல்லாத தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். கிழிந்த சட்டை போட்ட அந்தக் குழந்தையின் படம் யாருடையது?

ஒரு எளிய சோதனை உண்டு: எழுதப்பட்ட ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கடிதத்தை வாசிக்க முடியுமா? உடனே ஒரு எதிர்க்கேள்வியும் வரும். குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டா அதைப் பற்றி எழுதுவது? நியாயமான கேள்விதான். ஆகவே சம்மதம் வேண்டும் என்று சொல்ல முடியாது. கொடுமையை, சம்பந்தப்பட்டவர்கள் விரும்பாவிட்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர்களும், அந்தக் குழந்தையும்கூட, ஒருநாள் அதைப் படித்து 'அது அப்படி இல்லீங்க' என்று சொல்ல இடம் இருக்கவேண்டும். அப்படிச் சொன்னால் அதையும் நாம் வீட்டுக்கு எழுதவேண்டும்.

அம்மாவுக்கு 'நான் நல்லா இருக்கேன்' என்று தாராளமாக எழுதலாம். அடுத்த வரி 'இங்கே இருக்கிற ஜனங்க' என்று தொடங்கும்போதுதான் யோசித்து எழுதவேண்டும்.