ஒருமுறை வந்தது

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லியைத் தொடாமல் திரும்புவதில்லை. நானும் வரிசையில் நின்று தொட்டேன். பல்லிகளோடு சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். பின்னால் நின்றவர்கள் நெருக்கியதில், நிதானமாய்ப் பார்க்க முடியவில்லை.

நம் கோயில்களில் இவ்விருவருக்கும் இடம் தாராளம். விதானங்களில் பாம்பு வாய் பிளந்து வட்டத்தை நெருங்கும், அது கிரகணம். கிரகண நாளில் கொடுத்த தானங்களும், ‘சந்திர சூரியர் உள்ளவரை’ நடக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கல்வெட்டுக்களில் உண்டு. ஆனால், வால்நட்சத்திரத்தை மட்டும் காஞ்சியின் கல்லில் நான் கண்டதில்லை.

1066-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. இங்கே வீரராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்தான். அவ்வருஷம் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அந்தக் கதையைச் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள துணியில் கம்பளி நூலால் தைத்து வைத்தார்கள். பிரான்சில், பாயோ என்ற ஊரின் பெயரால் வழங்கும் அத்துணியில், ஒரு கூட்டம் விரல் நீட்டி அந்த நட்சத்திரத்தைக் காட்டுகிறது. 900 வருஷத்துக்கு முந்திய பயம் இன்னும் அந்த முகங்களில் இருக்கிறது.

பட்டுக்குப் பெயர்போன ஊரில் இப்படி ஒன்று ஏன் இல்லை? பிள்ளையார்பாளையத்தில், தறியில் இருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன்.

“ஒரே தரம் வர்ற பூவுக்கு யாருங்க அட்டை குத்துவாங்க?” என்றார்.

வாஸ்தவம். தறிக்குத் திரும்பத் திரும்ப வருவதுதான் பூ. ஆனால் உளிக்கு அந்தக் கட்டாயம் இல்லையே! சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்தார்கள்; கொடுத்தவன் பெயரோடு கல்லில் வெட்டினார்கள். கொடுத்த வாக்குக்கு, நாளையும் வந்து பார்க்கிற சாட்சி வேண்டும். 76 வருஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிற விருந்தாளியை யார் நம்புவார்கள்? 1986-இல் வந்து போயிற்று, இனி 2061-இல்தான்.

இருந்தும் எனக்கு ஒப்பவில்லை. அந்த இரவு இந்தத் தெருவில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவள் ஒருத்தி இருந்திருக்கமாட்டாளா? அவள் பயத்துக்குக் கல்லில் ஒரு சாண் இடம் கூடாதா? ஒருமுறை நடந்ததை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊசியின் கட்சிதான் பேசுவேன். பெரியவரிடம் அப்படியே சொன்னேன்.

நாடாவை நிறுத்திக் கேட்டார்: “விரல் நீட்டுறாங்களே, அவங்க பேரெல்லாம் அந்தத் துணியிலே இருக்குதுங்களா?”

“இல்லை. வெறும் ‘இவர்கள்’ என்று போட்டிருக்கிறது.”

“ஆடு குடுத்தவன் பேரு?”

“அது கல்லில் இருக்கிறது.”

அவர் மிதியில் காலை வைத்தார்.