பயத்தின் செலவு யார் கணக்கில்?

நாரந்தனைக்கு மேற்கே, கடலுக்கு அப்பால் அனலைதீவு. பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்தோடு தரைவழித் தொடர்பு இருப்பதால் நாரந்தனைக்குத் தேசிய மின்கட்டமைப்பின் கம்பி வந்துவிட்டது. அனலைதீவுக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வரவில்லை. அங்கே டீசலில் ஓடும் மின்பிறப்பாக்கிதான் இருந்தது. அந்த டீசலும் கடல்வழியே போக வேண்டியது. இந்த மூன்று தீவுகளிலும் காற்றாலையும் சூரியப் படலமும் அமைக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை முடிவெடுத்தது. நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீற்றர்தான். இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்படுகிறது என்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே வேலை இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 2024 மார்ச் ஆகிவிட்டது. முதல் முடிவுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் நடுவே மூன்று வருடங்களுக்கு மேல். நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டும் அதற்குள்தான் அடங்குகிறது. சீன நிறுவனமே தொடர்ந்திருந்தாலும் அதற்குள் முடித்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தாமதத்தைத் தீர்மானித்தவர்கள் யாரும் அந்தத் தீவுகளில் இருக்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

இந்தியாவின் பயத்தை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடுவது சுலபம், அது நியாயமாகாது. இந்தியாவும் சீனாவும் அணுவாயுத நாடுகள். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இரு தரப்புச் சிப்பாய்களும் உயிரிழந்தார்கள். 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோனது. 2022 ஓகஸ்டில், செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடர வல்ல யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டையில் நின்றது. இந்தியா தன் ஏவுகணைகளைச் சோதிப்பது ஒடிசாக் கரையில். அரிஹந்த் போன்ற அணுவாயுத நீர்மூழ்கிகளின் தளம் வங்காள விரிகுடாக் கரையில். அப்படியான கப்பலின் பெறுமதியே அது எங்கே இருக்கிறதென்று எதிரிக்குத் தெரியாததில்தான் இருக்கிறது. கடலடியின் வரைபடமும் நீரின் வெப்பமும் உப்பும் எதிரி கைக்குப் போனால் ஒளிவிடம் குறுகும். ஒளிவிடம் குறுகினால், முந்திக்கொண்டு அடிக்க வேண்டும் என்ற அவசரம் வளரும். காற்றாலை ஏவுகணை அல்ல என்பது உண்மையே. ஆனாலும் உயரமான கோபுரத்தில் வேறு எதையும் பொருத்தலாம், அதைப் பராமரிக்க ஆட்கள் வந்துபோவார்கள் என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி யோசித்தால் அவரைப் பைத்தியக்காரர் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் கணக்கு முடிந்தது என்பார்கள் சிலர். ஒரு பக்கம் கோடிக்கணக்கான உயிர்களை அழிக்கக்கூடிய போர். மறுபக்கம் சில ஆயிரம் பேரின் மின்சாரம். எதைப் பெரிதென்று கொள்வது? இந்த வாதத்தின் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது, பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அணுப்போர் என்ற சொல்லைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டால், மறுதட்டில் எதை வைத்தாலும் இலேசாகிவிடும். எந்தச் சிறு சனத்திடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளலாம். இது கற்பனை இல்லை. தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவுவாசிகள் முழுப்பேரும் பிரித்தானியாவால் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கும் சொல்லப்பட்ட நியாயம் பாதுகாப்புத்தான். 1962இல் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை அகற்றும் இணக்கத்தை கென்னடியும் குருசேவும் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள்; யாருடைய மண்ணில் அவை நின்றனவோ அந்த நாட்டைக் கேட்காமலே. உலகம் தப்பியது, நன்மைதான். ஆனால் தப்பியதற்கான விலையை மேசைக்கு வெளியே நின்றவர்களிடம் வாங்குவது வழக்கமாகிப்போனது. பயம் உண்மையானதாக இருக்கலாம். அந்தப் பயத்துக்கான கட்டணத்தைப் பயப்படுகிறவரே கட்ட வேண்டும், அதுவும் உரிய காலத்தில்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியா கட்டணம் கட்டியதே! கடனோடு வந்திருக்க வேண்டிய திட்டம் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையாக வந்தது. போட்டியால் தீவுக்காரருக்கு இலாபம்தானே? பாதி உண்மை. கடன் நாட்டின் தலையில் விழுந்திருக்கும், நன்கொடை விழாது, அது நல்லதே. ஆனால் கடனை மிச்சப்படுத்தியது கொழும்பின் திறைசேரி, காத்திருந்தது நெடுந்தீவு. ஒருவருக்குக் கிடைத்த இலாபத்தால் இன்னொருவருக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்துவிட்டதாகச் சொல்வது சரியான கணக்காகாது. மேலும், எதிராளி வந்ததால் கொடுக்கப்பட்டது எதிராளி போனால் நின்றும்போகலாம். சீனாவும் இங்கே அப்பாவி இல்லை. கொழும்பிலிருந்து இவ்வளவு தூரத்தில், இந்தியக் கரைக்கு இவ்வளவு கிட்ட, சிறிய மின்திட்டமொன்றில் அக்கறை காட்டியது வெறும் வியாபாரம் என்று நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம். இது திறந்த கேள்விப்பத்திரத்தில் வென்ற வேலை என்பது அவர்களின் பதில். அதை ஏற்றுக்கொண்டாலும், நிறுத்தியபோது தீவுக்காரருக்குச் செய்ய வேண்டியது ஏதும் இருப்பதாக அவர்களும் காட்டிக்கொள்ளவில்லை.

பாதுகாப்புக் கவலை என்பது ஒரு நியாயமானால், அது இரண்டு கரையிலும் நியாயமாக இருக்க வேண்டும். மூன்று தீவுகளுக்குமாகத் திட்டமிடப்பட்ட சூரிய, காற்று மின்சாரம் மொத்தம் 2,230 கிலோவாட். மன்னார் வளைகுடாவின் அக்கரையில், ரஷ்ய உதவியோடு கட்டப்பட்ட கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரேயொரு உலை 1,000 மெகாவாட், அதாவது அதைப்போல் ஏறக்குறைய 450 மடங்கு. புகுஷிமாவுக்குப் பிறகு, 2012இல், கூடங்குளத்தைப் பற்றி இலங்கையிலும் கவலை எழுப்பப்பட்டது. இடிந்தகரையில் இந்தியத் தமிழ் மீனவர்களே மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்த காலம் அது. உலை நிற்கவில்லை, 2013இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2015இல் இரு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன, அது வரவேற்கத்தக்கதே. என்றாலும் நயினாதீவில் வரவிருந்த காற்றாலையை ஓர் ஆட்சேபம் நிறுத்த முடிந்தது, கூடங்குளத்து உலையை எந்த ஆட்சேபமும் நிறுத்த முடியவில்லை. ஆபத்தின் அளவைப் பார்த்து இந்த வித்தியாசம் வந்திருந்தால் தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்? எனவே ஆபத்து அளக்கப்படவில்லை. ஆட்சேபிப்பவரின் பருமன்தான் அளக்கப்பட்டது.

சிறிய நாடு என்பதால் கொழும்புக்கும் விலக்கு இல்லை. இரு வல்லரசுகளுக்கு நடுவே நெரிபடுவதாகச் சொல்லிக்கொள்ளும் அரசு, தன் வடக்குத் தீவுகளைச் சீட்டாகப் போட்டு ஆடும்போது அதே குற்றத்தை இன்னும் சிறிய அளவில் செய்கிறது. இத்தனைக்கும் இதற்கு எதிரான நெறியை உலகுக்கு முன்வைத்ததே இலங்கைதான். இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கக் கோரும் தீர்மானம் 1971 டிசம்பர் 16 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 61 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 55 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உட்பட. தங்கள் தளங்களையும் அணுவாயுதங்களையும் இந்தக் கடலிலிருந்து விலக்கும்படி அது பெரியவர்களைக் கேட்டது. 2024 டிசம்பரில் புதுடில்லி சென்ற ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, இலங்கை மண் இந்தியாவின் பாதுகாப்புக்கு எதிராகப் பயன்பட இடமளிக்கப்படாது என்று உறுதியளித்தார். அயல்நாட்டுக்கு அப்படியொரு வாக்குக் கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக அடுத்த முறை ஏதாவது திட்டம் கைவிடப்பட்டால், அதற்குப் பதிலாக என்ன, எத்தனை மாதத்துக்குள், யாருடைய செலவில் வரும் என்பதும் அதே மேசையில் எழுதப்பட வேண்டும். அனலைதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து ஆள் அழைத்துவந்து, அவர்கள் வாசித்துப் பார்த்த பிறகு.