அழைக்கத் தயங்கும் கை

மைசூருவை 'ஓய்வூதியர்களின் சொர்க்கம்' என்று போற்றுவது வழக்கம். மிதமான தட்பவெப்பமும் பரபரப்பற்ற வாழ்வும் பணி ஓய்வு பெற்ற பலரை அந்நகருக்கு ஈர்த்துள்ளன. பிள்ளைகள் பெங்களூருவிலோ கடல் கடந்தோ பணிபுரிய, பெற்றோர் தமது இல்லத்திலேயே தனித்து வாழ விரும்புகின்றனர். அவ்விருப்பம் நியாயமானதே. ஆனால் நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அவர்கள் யாரை அழைப்பது?

இக்கேள்விக்கு விடைகாண அரசுகளும் முயல்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தகுதியுடைய முதியோருக்கு உடலில் அணியும் அபாய அறிவிப்புக் கருவியை அரசின் செலவில் வழங்கும் திட்டம் உள்ளது. பொத்தானை அழுத்தினால் மையத்திலிருந்து ஒருவர் பேசுவார்; முதியவர் முன்பே குறித்துக் கொடுத்த உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ செய்தி செல்லும்.

நம் நாட்டிலும் சில வசதிகள் உண்டு. 2017 ஜனவரி 1 முதல் விற்கப்படும் கைபேசிகளில் அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது விதி. சாதாரணக் கைபேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்துவதும், ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை விரைந்து மும்முறை அழுத்துவதும் அவ்விதி கூறிய முறைகள். 112 என்ற அவசர எண்ணும் உள்ளது. 2021இல் நாடு தழுவிய அளவில் தொடங்கப்பெற்ற 14567 என்ற முதியோர் உதவி எண், தகவலும் வழிகாட்டலும் ஆறுதலும் தருகிறது.

எனினும் கருவி இருந்தால் போதுமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர், அழைப்புக் கருவி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்று அது கண்டறிந்தது. தரையில் நெடுநேரம் கிடப்பது உடலின் நீர்ச்சத்தைக் குறைத்துத் தசைகளைச் சிதைக்கும், உயிருக்கே ஆபத்தாகும். அவ்வாறிருந்தும் கை ஏன் தயங்குகிறது?

'பிறருக்குப் பாரமாக இருக்கலாகாது' என்ற எண்ணம் ஒரு முக்கியக் காரணம். கேட்பதற்கு இது உயர்ந்த பண்பாகத் தோன்றும். ஆயினும் சற்று ஆராய்வோம். பிறந்த நாள் முதல் யாரையும் சாராமல் வாழ்ந்த மனிதன் எவனும் இல்லை. நம்மைச் சுமந்தவர்களை நாம் பாரம் என்று எண்ணுவதில்லை. அவர்களும் நம்மை அவ்வாறு எண்ணியதில்லை. வாழ்நாளெல்லாம் கொடுத்தவர் பெற்றுக்கொள்ள மறுப்பாரானால், கொடுக்கும் நற்பேற்றைப் பிறருக்கு மறுப்பவராகிறார். தேவையானபோது உதவி கேட்பதும் பணிவின் ஒரு வடிவமே.

ஆனால் குறை முழுவதையும் முதியோர்மீது சுமத்துவது அறமாகாது. அவர்கள் நம் முகங்களைப் படிக்கின்றனர். தொலைபேசியில் நாம் விடும் பெருமூச்சு, 'இதற்கா கூப்பிட்டீர்கள்?' என்னும் ஒரு சொல் ஆகியவை அவர்கள் உள்ளத்தில் தங்கிவிடுகின்றன. மறுமுறை உண்மையான ஆபத்து நேரும்போது அந்தச் சொல்லே கையைத் தடுக்கிறது. ஆகவே நள்ளிரவு 2 மணிக்குத் தவறுதலாக அழுத்தப்பட்ட பொத்தானுக்கு நாம் எவ்வாறு பதிலளிக்கிறோம் என்பதே நமது அன்புக்கான சோதனை. அப்போது முகம் சுளிக்காதவரையே ஆபத்தில் அவர்கள் தயங்காமல் அழைப்பர்.

அரசு கருவியைத் தரலாம். ஓடிவரும் மனிதரை நாமே தரவேண்டும். ஆதலின் இன்றே சிலவற்றைச் செய்யலாம். பெற்றோரின் கைபேசியில் அவசர அழைப்பு எவ்வாறு இயங்குகிறது என அறிந்து அவர்களுக்குக் கற்பிப்போம். நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி இருக்க ஏற்பாடு செய்வோம். நாள்தோறும் குறித்த நேரத்தில் அழைத்து நலம் விசாரிப்போம். நம் தெருவில் தனித்து வாழும் முதியவர் உறவினராக இல்லாவிடினும், 'எந்நேரமும் அழையுங்கள்' என்று நேரில் சென்று சொல்வோம். அவ்வாறு சொன்ன பின், அழைப்பு வரும் இரவில் முகமலர்ச்சியுடன் எழுந்து செல்வோம்.